கவனிப்பவர் பெயர்

சேலையூர்,
14.3.1988

அன்புள்ள தம்பி யேசுதாசனுக்கு,

அக்கா ரத்தினபாய் எழுதுவது. நீயும் பியூலாவும் நம் சுந்தர்சிங்கும் பிலாயில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தந்தி கிடைத்ததும் நீ பதறிப்போய் எழுதிய கடிதம் வந்தது. உன் அத்தானை வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. ஆனால் சொல்வதெல்லாம் புரிகிறது. கண்ணை மூடித் திறந்தால் சரி என்று அர்த்தம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் கஞ்சியில் உப்பு இல்லை என்று அர்த்தம். எங்களுக்குள் அவ்வளவு போதும்.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை இப்போதுதான் இவர் தீர்த்து வைக்கிறார் என்று பக்கத்து வீட்டு முனியம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். ரவிக்கை தைத்துக் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். அரை மணி நேரம் சேர்ந்தாற்போல மிஷினில் உட்கார முடியவில்லை.

அத்தானோடு கம்பெனியில் வேலை பார்த்த சவுரிமுத்து வந்திருந்தார். ஓய்வுபெற்றவர்களுக்கான நலச் சங்கத்தில் 'கவனிப்புப் படி' என்று மாதம் இருநூறு ரூபாய் இருக்கிறதாம். இவர் சம்பளத்தில் முப்பத்தோரு வருடம் அதற்காகப் பிடித்திருக்கிறார்கள். கேட்டுப் பார்க்கப்போகிறேன்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நன்றாக இருக்கிறேன்.

அன்பு அக்கா,
ரத்தினபாய்

பிலாய்,
2.4.1988

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி யேசுதாசனின் வணக்கம். அத்தான் வீடு திரும்பியதற்குக் கர்த்தருக்கு நன்றி சொன்னோம்.

நேரில் வந்து பார்க்க ஆசைதான். நம் தம்பி சுந்தர்சிங்கை விட்டுவிட்டு இரண்டு நாள் ரயிலில் வர முடியாது என்று உனக்குத் தெரியும். நாற்பத்தெட்டு வயதாகியும் இன்னும் மூன்று வயதுப் பிள்ளை மாதிரிதான். மற்றபடி சுந்தர்சிங் நலம். அம்மா இறந்து இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவனுக்கு ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை, ஒரு வேளை சாப்பாடு தவறியதில்லை.

நீ சங்கத்தில் கேட்பது பற்றி: கேள், கொடுத்தால் வாங்கிக்கொள். ஆனால் புருஷனைப் பார்த்துக்கொள்ளக் கூலி கேட்டாள் என்று யாரும் பேசும்படி வைத்துக்கொள்ளாதே. அத்தான் தலை நிமிர்ந்து வாழ்ந்த மனிதர்.

பியூலா விசாரிக்கச் சொன்னாள்.

தம்பி,
யேசுதாசன்

சேலையூர்,
20.6.1988

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகமென்று நினைத்து எழுதுகிறேன். இங்கே வெயில் தாங்கவில்லை. அத்தானுக்கு முதுகில் வேர்க்குரு, மற்றபடி பரவாயில்லை.

விண்ணப்பம் கொடுத்து ஏழு வாரம் பதிலே இல்லை. முனியம்மாவை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் குரோம்பேட்டைக்குப் போனேன். கேம்ப் ரோட்டில் பஸ் பிடித்துத் தாம்பரம், அங்கிருந்து எலக்ட்ரிக் ட்ரெயின். சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் சங்க ஆபீஸ். செயலாளர் தட்சிணாமூர்த்தி மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார்.

"உங்க விண்ணப்பத்துல 'கவனிப்பவர் பெயர்'னு கேட்டிருக்கிற இடத்துல உங்க பேரையே எழுதியிருக்கீங்களேம்மா."

"நான்தானே சார் கவனிக்கிறேன்?"

"நீங்க சம்சாரம். சம்சாரம் செய்யறது கடமை. இது வெளி ஆளு வெச்சா அவங்களுக்குக் குடுக்கிற படி. அதோட அறுபது வயசுக்கு மேல இருக்கிறவங்களைக் கவனிப்பவரா ஏத்துக்கிறதில்லைன்னு சுற்றறிக்கை இருக்கு. உங்களுக்கு அறுபத்துநாலு."

"அறுபத்துநாலு வயசுல என்னால முடியாதுன்னா, மூணு மாசமா அவரை யார் சார் தூக்கினது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாராவது வேலைக்காரம்மா பேரைப் போட்டுக் கொண்டாங்க. நான் சாங்ஷன் பண்ணிடறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் முனியம்மா உடனே, "அதுக்கு இன்னா, என் பேர எய்திக்கோம்மா. ரேகை வெச்சுக் குடுக்கறேன். துட்ட நீயே வெச்சுக்கோ" என்றாள். அவள் மனசு தங்கம். ஆனால் என் கை செய்கிற வேலையை இன்னொருத்தி பெயரில் எழுத எனக்கு இஷ்டமில்லை. பொய் என்பதற்காக மட்டுமில்லை தம்பி. ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை. உண்மையான பெயரிலேயே மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உன் அக்கா,
ரத்தினபாய்

பிலாய்,
5.7.1988

அக்காவுக்கு,

வணக்கம். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. சுந்தர்சிங் நலம்.

உன் கடிதம் படித்து எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. செயலாளர் சொன்னதில் என்ன தப்பு? மனைவி செய்வது கடமைதானே? இந்த வயதில் நீ மாடிப்படி ஏறி இருநூறு ரூபாய்க்கு வாதாடுவதை நம் உறவுக்காரர்கள் கேள்விப்பட்டால், அக்காவுக்குச் சோறு போட வக்கில்லாத தம்பி என்று என்னைத்தான் பேசுவார்கள். இதோடு விட்டுவிடு. இத்துடன் மணியார்டரில் நூறு ரூபாய் அனுப்பியிருக்கிறேன். முடிந்தபோதெல்லாம் அனுப்புகிறேன்.

அத்தானுக்காக ஜெபிக்கிறோம்.

யேசுதாசன்

சேலையூர்,
11.11.1988

அன்புள்ள யேசுதாசனுக்கு,

நான்கு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். வேலை சரியாக இருந்தது. நூறு ரூபாய் கிடைத்தது. அத்தான் அப்படியே இருக்கிறார். நானும் சுகமாக இருக்கிறேன். சங்கத்திலிருந்து மறுபடியும் மறுத்துக் கடிதம் வந்துவிட்டது. கண் கொஞ்சம் மங்கலாக இருப்பதால் சவுரிமுத்துவை எழுதச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான் விசேஷம்.

அக்கா ரத்தினபாய்

ஐயா, நான் சவுரிமுத்து. அக்கா சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இனி எழுதுவது அவருக்குத் தெரியாது. கண்ணில் ஒன்றுமில்லை. செப்டம்பர் மாதம் குளியலறையில் உங்கள் அத்தானைத் தூக்கும்போது வழுக்கி விழுந்து, அவர் மேல் அடிபடாமல் தாங்கியதில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு இடது கையாலேயே எல்லாம் செய்தார். கட்டு பிரித்த பிறகும் பேனா பிடிக்க வரவில்லை. இப்படியே தனியாகத் தூக்கினால் கை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் ஒரு மணி நேரம் தூக்கிவிட ஆள் வைத்தாலே போதும். அதற்கு வழியில்லை. தையல் மிஷினை மருந்துக்காக விற்று ஆறு வாரமாகிறது. சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

பிலாய்,
9.1.1989

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருட வாழ்த்துகள். உன் கை எப்படி இருக்கிறது? சவுரிமுத்துவைக் கோபித்துக்கொள்ளாதே. அவர் எழுதித்தான் எனக்குத் தெரிந்தது.

கடிதம் வந்தபோது பதில் எழுத உட்கார்ந்தேன். அதே வாரம் பியூலாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இருபத்துமூன்று நாள். வீட்டில் நானும் சுந்தர்சிங்கும் மட்டும்.

அக்கா, எனக்கு அவனுடைய சட்டை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. சோற்றை எந்தப் பதத்தில் பிசைந்தால் விழுங்குவான் என்று தெரியவில்லை. முதல் நாள் மூன்று தடவை துப்பினான். நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினேன். ஐந்தாம் நாள் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள், எனக்கும் அறுபது வயது ஆகப்போகிறது என்று முதல்முறையாக ஞாபகம் வந்தது. பியூலாவுக்கும் ஐம்பத்தேழு ஆகிறது என்று அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

சுந்தர்சிங் நலம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் உனக்கு எழுதினேன். யாரால் நலம் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை.

ஜூலையில் உனக்கு எழுதியதற்காக வெட்கப்படுகிறேன். அந்தச் சங்கத்தின் விதிப் புத்தகம் எங்காவது கிடைக்குமா? ஸ்டீல் பிளாண்டில் முப்பது வருடம் விதிகளைப் படித்துத்தான் சம்பளம் வாங்கினேன். எனக்கு அனுப்பு.

தம்பி யேசுதாசன்

அண்ணி, பியூலா எழுதுகிறேன். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நான் வீடு திரும்பியபோது இவர் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மிளகாய் நெடி என்றார். அன்றைக்குத் தயிர்ச் சோறு.

சேலையூர்,
30.1.1989

அன்புத் தம்பிக்கும் பியூலாவுக்கும்,

பியூலா, நீ ஆறு மாதம் கனமானது எதையும் தூக்கக் கூடாது. இதை முதலில் எழுதிவிடுகிறேன். தம்பி கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை படிக்கச் சொல்லி இடது கையால் தட்டினார்.

என் கையெழுத்து கோணலாக இருந்தாலும் நானே எழுதுகிறேன், பார்த்தாயா? விதிப் புத்தகம் சவுரிமுத்துவிடம் ஒன்று இருந்தது. நான்கு நாள் உட்கார்ந்து முழுவதையும் நகல் எடுத்துத் தந்தார். இத்துடன் இருக்கிறது. சங்கத்தின் பொதுக்கூட்டம் பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். உறுப்பினர் மட்டும்தான் பேசலாமாம். நான் உறுப்பினர் இல்லை.

விழுந்ததைச் சொல்லாதது தப்புதான். சொன்னால், இனி உன்னால் முடியாது, அத்தானை எங்காவது சேர்த்துவிடு என்பாயோ என்று பயந்தேன்.

அக்கா ரத்தினபாய்

பிலாய்,
10.2.1989

அன்பு அக்காவுக்கு,

இங்கு மூவரும் சுகம். தண்ணீர்க் குடத்தை இப்போது நான்தான் தூக்குகிறேன்.

விதிகளை மூன்று தடவை படித்துவிட்டேன். கவனமாகக் கேள். ஒன்பதாம் விதியில் இருப்பது இதுதான்: "உறுப்பினரை அன்றாடம் கவனித்துக்கொள்ளும் ஒருவருக்கு" மாதம் இருநூறு ரூபாய். 'ஒருவருக்கு' என்றுதான் இருக்கிறது. வேலையாள் என்று இல்லை. மனைவி கூடாது என்று இல்லை. வயது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அறுபது வயது என்பது ஆபீஸ் சுற்றறிக்கை மட்டுமே. பொதுக்கூட்டம் ஒப்புக்கொள்ளாத சுற்றறிக்கை ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது என்று இருபதாம் விதி சொல்கிறது.

இன்னொன்று. பதினான்காம் விதிப்படி, நோயினால் பேச முடியாத உறுப்பினர் கூட்டத்துக்கு நேரில் வந்தால், தனக்காகப் பேச ஒருவரை நியமிக்கலாம். அவர் வர வேண்டும் அக்கா. எப்படியாவது அத்தானைக் கூட்டிக்கொண்டு போ. தீர்மானத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன். உன் பெயருக்கு மட்டும் கேட்காதே, எல்லோருக்கும் கேள். 'மனைவி' என்பதோடு 'கணவன், சகோதரி, மருமகள், குடும்பத்தில் எவரும்' என்று சேர்த்திருக்கிறேன். மருமகள் என்று சேர்த்தது பியூலா.

தம்பி

சேலையூர்,
28.2.1989

அன்புத் தம்பிக்கும் பியூலாவுக்கும் அக்காவின் முத்தங்கள்.

ஜெயித்துவிட்டோம்! முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நிதானமாக எழுதுகிறேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அத்தானுக்கு வெள்ளைச் சட்டை போட்டேன். சவுரிமுத்து ஆட்டோ கொண்டுவந்தார். முனியம்மா காலைப் பிடிக்க, சவுரிமுத்து தோளைப் பிடிக்க, நான் தலையைப் பிடிக்க, ஒருவழியாக ஏற்றினோம். ஆட்டோவிலிருந்து மண்டபத்துக்குள் ஒரு மர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். வருடம் முழுவதும் வீட்டுக்கூரையையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அவரோடு பட்டறையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து "வேதசிரோமணி அண்ணா" என்று இடது கையைப் பிடித்தபோது முகமே மாறிவிட்டது.

நூற்று முப்பது பேர் இருப்பார்கள். நான் எழுந்ததுமே தட்சிணாமூர்த்தி, "அம்மா, உறுப்பினர் மட்டும்தான் பேசலாம்" என்றார்.

சவுரிமுத்து எழுந்து பதினான்காம் விதியைப் படித்தார். தலைவர் முனிரத்தினம் வயதானவர், கைத்தடி ஊன்றி வந்திருந்தார். விதிப் புத்தகத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு மேடையிலிருந்து மெதுவாக இறங்கி அத்தான் முன்னால் வந்து நின்றார்.

"இன்னா வேதசிரோமணி, உனக்குப் பதிலா யாரு பேசணும்? காட்டுப்பா."

அத்தான் இடது கையை எடுத்தார். அரை நிமிஷம் ஆகியிருக்கும். கொண்டுவந்து என் தலைமேல் வைத்தார்.

தம்பி, நீ எழுதிக் கொடுத்த தீர்மானத்தைப் படித்தேன். அதற்குப் பிறகு பேச நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. தட்சிணாமூர்த்தி, "சம்சாரம் செய்யற கடமைக்கெல்லாம் பணம் குடுத்தா நிதி தாங்காது" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பேச்சும் வந்தது.

"கடமைதான் சார். இல்லைன்னு சொல்லலை. இவர் முப்பத்தோரு வருஷம் கம்பெனிக்கு வேலை செஞ்சாரே, அதுவும் கடமைதான். மாசா மாசம் சம்பளம் குடுத்தாங்களே, கடமைன்னு சொல்லி நிறுத்தினாங்களா? வெளி ஆளு வந்து இவரைக் குளிப்பாட்டினா அது வேலை. நான் குளிப்பாட்டினா அது ஒண்ணுமில்லை. ஏன் சார்? இந்தக் கை வேலை செய்யலைன்னா எதுல உடைஞ்சுது?"

கையைத் தூக்கிக் காட்டினேன். மணிக்கட்டு இன்னும் வளைந்துதான் இருக்கிறது.

"இன்னொண்ணு கேக்கறேன். இன்னிக்கு இங்க வந்திருக்கீங்களே, உங்கள்ல யாரையெல்லாம் வீட்ல இருக்கிறவங்க எழுப்பி, குளிக்க வெச்சு, உடுத்தி அனுப்பினாங்க? அவங்க மட்டும் கையத் தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது தலைவர் முனிரத்தினம் கைத்தடியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"இன்னாய்யா பாக்கறீங்க? எனக்குச் சட்ட பித்தான் போட வராது. ரெண்டு வருஷமா என் சம்சாரம் பொன்னியம்மாதான் போட்டுவுடுது. அதுக்கு அறுபத்தொம்போது வயசு. சொல்றதுக்கு எனக்கு இன்னா வெக்கம்?"

அதற்குப் பிறகு ஒரு கை. அந்தப் பக்கம் இரண்டு. பின்வரிசையில் பார்வை போன ஒருவர், என்ன நடக்கிறது என்று பக்கத்து ஆளிடம் கேட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். நாற்பத்தொன்று என்று சவுரிமுத்து எண்ணினார்.

வாக்கெடுப்பில் எதிர்த்தவர்கள் ஏழு பேர்தான். அறுபது வயதுச் சுற்றறிக்கை ரத்து. படி கவனிப்பவர் பெயருக்கே போக வேண்டும், முதல் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து. தீர்மானம் நிறைவேறியது என்று தட்சிணாமூர்த்தியே எழுந்து வாசித்தார். பாவம், கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து, "எங்கம்மா எங்கப்பாவை ஒம்பது வருஷம் பார்த்தாங்கம்மா. நான் யோசிக்கலை" என்றார். அத்தான் நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார்.

வெற்றி பெற்ற அக்கா,
ரத்தினபாய்

பிலாய்,
12.3.1989

அன்புள்ள அண்ணிக்கு,

பியூலா எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை இவர் உரக்கப் படித்தார். முனிரத்தினம் கை தூக்கிய இடத்தில் எழுந்து நின்றுவிட்டார். சுந்தர்சிங்குக்கு என்ன புரிந்ததோ, கையைத் தட்டினான்.

இவர் பென்ஷன் வாங்கி வந்து இந்த மாதம் என் கையில் இருநூறு ரூபாய் கொடுத்தார். என்ன என்றேன். ஒன்பதாம் விதி என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை அண்ணி, வாங்கிக்கொண்டேன். வாரத்தில் இரண்டு நாள் மாலையில் தம்பியை இவர் பார்த்துக்கொள்கிறார். நான் வெளியே போகிறேன். எங்கே போவது என்று முதல் வாரம் தெரியவில்லை. கடைத்தெரு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். இப்போது பாடகர் குழுவில் சேர்ந்திருக்கிறேன்.

அண்ணனுக்கு எங்கள் வணக்கம்.

பியூலா

சேலையூர்,
17.4.1989

அன்புள்ள பியூலாவுக்கும் தம்பிக்கும்,

நீங்கள் மூவரும் நலமென்று உன் கடிதத்தில் தெரிந்து சந்தோஷம். ஈஸ்டருக்கு என்ன பாட்டுப் பாடினாய் என்று எழுது. அத்தானுக்கு முதுகில் வந்திருந்த புண் ஆறிவிட்டது. காலையில் முனியம்மா வந்து என்னோடு சேர்ந்து தூக்குகிறாள். இனாமாக வர மாட்டேன் என்றால்தான் வரலாம் என்று சொல்லிச் சம்பளம் பேசிவிட்டேன். என் கை வலி பாதியாகக் குறைந்திருக்கிறது.

சங்கத்தின் முதல் மணியார்டர் போன திங்கட்கிழமை வந்தது. பதினெட்டு வருடமாக எங்கள் தெருவுக்குத் தபால் கொடுக்கிற ஜெபசீலன் வாசலில் நின்று, "ரத்தினபாய்னு இங்க யாரும்மா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "உங்க பேரா? இத்தனை வருஷம் தெரியாதே!" என்றார். உங்கள் கடிதமும் மணியார்டரும்கூட இதுவரை அத்தான் பெயருக்குத்தானே வந்தன. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போய் அத்தானிடம் காட்டினேன். கண்ணை மூடித் திறந்தார்.

சங்கத்தில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களை இப்போது தட்சிணாமூர்த்தியே என்னிடம் அனுப்புகிறார். சனிக்கிழமை என்றால் வீட்டில் உட்கார இடமில்லை. பல்லாவரத்திலிருந்து, பெருங்களத்தூரிலிருந்து, எல்லாம் அறுபது, எழுபது வயதுப் பெண்கள். சில ஆண்களும் வருகிறார்கள். அத்தான் கட்டிலில் சாய்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

நேற்று முன்தினம் ஊரப்பாக்கத்திலிருந்து தாயாரம்மாள் என்று ஒருவர் வந்தார். எழுபத்தொரு வயது. கூட்டத்தில் இரண்டு கையையும் தூக்கினாரே, பார்வை போனவர், அவருடைய மனைவி. கவனிப்பவர் பெயர், வயது, உறவு எல்லாம் எழுதிவிட்டேன். 'செய்யும் வேலை' என்ற இடம் வந்தது.

"வேலயா? நான் இன்னா வேல செய்றேன்? ஒண்ணும் இல்லன்னு எய்திக்கோம்மா. சொம்மா வூட்டுலதான் கீறேன்" என்றார்.

"காலையில எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீங்க?" என்று கேட்டேன்.

நாலு மணிக்கு என்றார். எழுந்ததும்? அந்தாளைக் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போவேன். அப்புறம்? சொல்லச் சொல்ல எழுதினேன். தண்ணீர் சேந்துவது, வெந்நீர் போடுவது, முகம் மழிப்பது, மருந்து நேரம் பார்ப்பது, மீனில் முள் எடுத்து ஊட்டுவது, பேப்பர் படிக்கத் தெரியாததால் தெருவில் நடப்பதை எல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பது, அவர் கோபப்பட்டால் பேசாமல் இருப்பது. விண்ணப்பத்தில் இடம் போதவில்லை. வெள்ளைத் தாள் இணைத்தேன். அதில் இரண்டு பக்கம் ஆயிற்று. வரிசையில் இருந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

முடிந்ததும் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். மறுபடி படித்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும், மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார்.

"இவ்ளோவாம்மா நான் செய்றேன்?" என்றார்.

உங்கள்
ரத்தினபாய்